மாதவிலக்கு நின்றதும் தோல் அரிப்பு, பித்தவெடிப்பு வருவது ஏன்? உப்பளத்து பெண்களே உஷார்!

தூத்துக்குடி உப்பளங்களில் விடிவதற்கு முன்பே வேலை தொடங்கி விடும். வெயில் ஏறுவதற்குள் பாத்தியில் இருந்து உப்பை வாரி, தலையில் சுமந்து, கரையில் குவியலாக கொட்ட வேண்டும். முள்ளக்காடு, தருவைகுளம், வேப்பலோடை, ஆறுமுகநேரி என்று கடற்கரையோரம் எங்கே பார்த்தாலும் இந்த வேலையில் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களில் 40 வயதை தாண்டியவர்கள் ஏராளம்.

சேலைக்கு மேல் ஆண்கள் போடும் முழுக்கை சட்டை, தலையில் துண்டை சுற்றி அதன் மேல் சும்மாடு. இதுதான் அவர்களது வேலை உடுப்பு. காலில் பாதி பேருக்கு செருப்பு கூட இருக்காது. உப்புத்தண்ணீரில் நின்று நின்று பாதம் வெடித்து, அந்த வெடிப்புக்குள் உப்பு இறங்கி எரியும். இது இளவயதில் இருந்தே பழகிப்போன வேதனை.

ஆனால் 45 வயதை ஒட்டி, மாதவிலக்கு தள்ளித்தள்ளி வந்து பிறகு அடியோடு நின்று போகும் காலத்தில், இதே வேலை திடீரென்று தாங்க முடியாததாகி விடுகிறது. முன்பு ஒரு வாரத்தில் ஆறிய கீறல் 3 வாரம் ஆகியும் ஆறாது. கை, கால் தோல் காய்ந்த ஏரி போல வரி விடும். ராத்திரி படுத்தால் உடம்பெல்லாம் அரிக்கும். "வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று வீட்டில் சொல்லி விடுவார்கள். மெடிக்கல் ஷாப்பில் ஒரு டியூப் வாங்கி தடவிக்கொண்டு மறுநாள் வேலைக்கு போய் விடுவார்கள். வினை ஆரம்பிப்பது அந்த டியூப்பில்தான்.

46 வயதிலேயே...

தொடர்ந்து 12 மாதம் மாதவிலக்கு வராவிட்டால் அது நின்று விட்டதாக டாக்டர்கள் கணக்கு வைக்கிறார்கள். மேல்நாடுகளில் பெண்களுக்கு சராசரியாக 51 வயதில் நிற்கிறது. நம் நாட்டில் 46, 47 வயதிலேயே நின்று விடுகிறது. அதற்கு 4, 5 வருடம் முன்பிருந்தே உடம்பில் மாற்றம் தொடங்கி விடும்.

கர்ப்பப்பையை ஆபரேஷன் செய்து எடுத்தவர்கள் கதை வேறு. கர்ப்பப்பையோடு இரண்டு சினைப்பைகளையும் சேர்த்து எடுத்து விட்டால், 35 வயது பெண்ணாக இருந்தாலும் ஒரே நாளில் இந்த நிலைக்கு வந்து விடுவார். மெல்ல மெல்ல வர வேண்டிய தொல்லை அத்தனையும் மொத்தமாக வந்து இறங்கும். சினைப்பையை விட்டு வைத்து கர்ப்பப்பையை மட்டும் எடுத்தால், ரத்தப்போக்கு நிற்குமே தவிர ஹார்மோன் சுரப்பு தொடரும். ஆனாலும் சிலருக்கு அதுவும் சில ஆண்டுகள் முன்னதாகவே ஓய்ந்து விடுகிறது. ஆபரேஷன் செய்து கொண்ட பல பெண்களுக்கு தனக்கு எதை எடுத்தார்கள் என்பதே தெரிவதில்லை. டிஸ்சார்ஜ் சீட்டில் அது எழுதி இருக்கும். அந்த சீட்டை பத்திரமாக வைத்திருப்பது நல்லது.

மகாராஷ்டிர மாநிலம் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டப்போகும் பெண்கள் ஆயிரக்கணக்கில் கர்ப்பப்பையை எடுத்துக்கொண்ட விவகாரம் 2019-ம் ஆண்டு பெரிதாக வெடித்தது. மாதவிலக்கு நாளில் லீவு போட்டால் கூலி போகும் என்ற பயமும் அதற்கு ஒரு காரணமாக சொல்லப்பட்டது. அந்த பெண்களில் பலர் 40 வயதை கூட தொடாதவர்கள்.

தோலுக்குள் நடப்பது என்ன?

சினைப்பையில் இருந்து சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் பிள்ளை பெறுவதற்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தோலுக்கும் எஜமான். தோலை கெட்டியாக தாங்கிப்பிடிக்கும் 'கொலாஜன்' என்ற புரதம், தோலில் கசியும் எண்ணெய் பசை, தோல் பிடித்து வைக்கும் ஈரம், தோலுக்கு போகும் ரத்த ஓட்டம் ஆகிய எல்லாவற்றிலும் அதற்கு பங்கு உண்டு.

மாதவிலக்கு நின்றதும் இந்த சுரப்பு அடியோடு குறைகிறது. முதல் 5 வருடத்துக்குள்ளேயே தோலில் உள்ள கொலாஜனில் சுமார் 30 சதவீதம் வரை போய் விடுவதாக ஆராய்ச்சிகள் சொல்கின்றன. அதன் பிறகு வருடத்துக்கு சுமார் 2 சதவீதம் வீதம் குறைந்து கொண்டே போகும். வீட்டுக்கு உள்ளே இருக்கும் கம்பியை பாதி உருவி விட்டால் சுவர் என்ன ஆகும்? அதே நிலைதான். தோல் மெலிகிறது, தொங்குகிறது, லேசாக இடித்துக் கொண்டாலும் கன்றிப்போகிறது. காயம் ஆற நாளாகிறது.

உப்பளத்தில் வேலை பார்ப்பவருக்கு இதோடு இன்னும் மூன்று எதிரிகள் சேருகிறார்கள். ஒன்று வெயில். மேலே இருந்து அடிப்பது போதாதென்று வெள்ளை உப்பில் பட்டு கீழே இருந்தும் முகத்தில் அடிக்கும். கொலாஜனை அரிப்பதில் வெயிலை மிஞ்ச ஆள் கிடையாது. இரண்டாவது உப்பு. ஏற்கனவே எண்ணெய் பசை இல்லாத தோலில் உப்பு காய்ந்து உட்கார்ந்தால் அது உறுத்தி புண்ணாக்கும். மூன்றாவது, வீட்டுக்கு வந்த பிறகு பாத்திரம் தேய்க்கும் சோப்பும், துணி துவைக்கும் பவுடரும்.

உடம்பில் எறும்பு ஊறுவது போல...

இந்த வயதில் சில பெண்களுக்கு தோலின் மேல் எறும்பு ஊறுவது போல இருக்கும். பார்த்தால் ஒன்றும் இருக்காது. பயந்து போய் மந்திரிக்க போகிறவர்கள் உண்டு. பேயும் இல்லை, பூச்சியும் இல்லை. ஹார்மோன் குறையும்போது நரம்புகள் காட்டும் வேலை அது.

அதே போலத்தான் திடீர் சூடு. நெஞ்சில் இருந்து கழுத்து, முகம் வரை குப்பென்று தீ பிடித்தது போல ஏறி, வேர்த்துக்கொட்டி, சில நிமிடத்தில் அடங்கி விடும். ராத்திரியில் இப்படி வேர்த்து நனைவதால் மார்புக்கு அடியில், தொடை இடுக்கில், வயிற்று மடிப்பில் ஈரம் தங்கி படர்தாமரை பிடிக்கிறது. முகம் சிவந்து போகும் சிலருக்கு 45 வயதில் விடலைப்பிள்ளை போல முகப்பரு வேறு வரும். தாடையில் நாலு முடி முளைக்கும், தலையில் உள்ளது கொட்டும். ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும், எல்லா பெண்கள் உடம்பிலும் கொஞ்சமாக இருக்கும் ஆண் ஹார்மோனின் கை ஓங்குவதுதான் இதற்கு காரணம். வெட்கப்பட எதுவும் இல்லை.

பித்தவெடிப்புக்கும் தொடர்பு

பாதம் வெடிப்பதற்கு உப்பும் வெறுங்காலும் மட்டும் காரணம் இல்லை. மாதவிலக்கு நிற்கும் வயதில் பெண்களின் குதிகால் தோல் மட்டும் தடித்து, கட்டை போல ஆகி, ஆழமாக வெடிப்பதை டென்மார்க் தோல் டாக்டர் ஹாக்ஸ்தாசன் 1934-ம் ஆண்டிலேயே எழுதி வைத்தார். உடல் பருமனும் ரத்த அழுத்தமும் உள்ள பெண்களிடம் இதை அதிகம் பார்த்தார். முதலில் குதிகாலில் தொடங்கும், பிறகு பாதம் முழுக்க பரவும். சிலருக்கு உள்ளங்கையிலும் வரும்.

இதற்கு செலவில்லாத வைத்தியம் இருக்கிறது. ராத்திரி படுக்கும் முன் 10 நிமிடம் சாதாரண தண்ணீரில் காலை ஊறவைத்து, படிகல்லில் மெதுவாக தேய்த்து, துடைத்து, ஈரம் முழுக்க காயும் முன்பே வாசலின் போன்ற வெள்ளை ஜெல்லியோ தேங்காய் எண்ணெயோ தாராளமாக பூசி, பழைய பருத்தி சாக்ஸ் போட்டு தூங்க வேண்டும். யூரியா சேர்த்த களிம்பு என்று கேட்டால் மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும். தடித்த தோலை அது இளக்கும். அது ஸ்டீராய்டு கிடையாது. ஆனால் ஆழமான வெடிப்பில் ரத்தம் கசிந்தால் அது எரியும், அப்போது வெறும் ஜெல்லி போதும்.

சர்க்கரை வியாதி உள்ளவர்கள் காலை வெந்நீரில் ஊறவைக்கவே கூடாது. கால் மரத்துப் போயிருந்தால் சூடு தெரியாமல் வெந்து விடும். பிளேடால் தோலை சீவுவதும் வேண்டாம். அப்படி சீவப்போய் விரலையே எடுக்கும் நிலைக்கு வந்தவர்களை அரசு ஆஸ்பத்திரி வார்டுகளில் பார்க்கலாம்.

நாலு நாளில் பளபளக்கும், அப்புறம்?

இப்போது அந்த டியூப் விவகாரத்துக்கு வருவோம்.

அரிப்புக்கு என்று கடையில் எடுத்துக்கொடுக்கும் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு மருந்து கலந்திருக்கிறது. பூசிய 2 நாளில் அரிப்பு பறந்து விடும். முகத்தில் பூசினால் நாலு நாளில் வெள்ளையாக பளபளக்கும். பக்கத்து வீட்டு அக்கா, கூட வேலை செய்யும் மதினி என்று ஒருவர் சொல்லி ஒருவராக தெருவே வாங்க ஆரம்பித்து விடும்.

மாதக்கணக்கில் பூசினால் என்ன ஆகும்? ஸ்டீராய்டு தோலை மெலிய வைக்கும். ஏற்கனவே வயதால் மெலிந்த தோல் அது. சிகரெட் தாள் போல ஆகி, சிவப்பு நரம்புகள் வெளியே தெரியும். முகத்தில் பருவும் முடியும் வளரும். நிறுத்தினால் முகம் சிவந்து எரியும், அதனால் திரும்பவும் பூச வேண்டி வரும். குடிக்கு அடிமையாவது போலத்தான். படர்தாமரையில் பூசினால் அரிப்பு அடங்கியது போல காட்டிவிட்டு, அடியில் பூஞ்சை தாராளமாக பரவும். வீட்டில் உள்ள பேரப்பிள்ளை வரை ஒட்டிக்கொள்ளும்.

தோல் டாக்டர்கள் சங்கத்தினர் வருடக்கணக்கில் போராடியதன் பேரில் 2018-ம் ஆண்டு மார்ச் மாதம் 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை, டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் மத்திய அரசு சேர்த்தது. சட்டம் ஒரு பக்கம். கடையில் கேட்டால் கிடைப்பது இன்னொரு பக்கம்.

டியூப்பை திருப்பி எழுத்தை பார்த்தால் கண்டுபிடித்து விடலாம். குளோபீட்டாசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. படிக்கிற பிள்ளையிடம் கொடுத்தால் ஒரு நிமிடத்தில் படித்து சொல்லி விடும். டாக்டர் எழுதிக்கொடுத்து, சொன்ன நாள் வரை மட்டும் பூசினால் அதே மருந்து நல்ல மருந்துதான்.

பெயர் தெரியாத வெள்ளையாக்கும் கிரீம்கள் இதை விட மோசம். 2023-ம் ஆண்டு கேரள மாநிலம் மலப்புரம் மாவட்டம் கோட்டக்கலில் சிறுநீரக கோளாறோடு வந்தவர்களை டாக்டர்கள் விசாரித்தபோது, பலர் இப்படிப்பட்ட கிரீம் பூசியவர்கள் என்று தெரிந்தது. அந்த கிரீம்களில் பாதரசம் அளவுக்கு மீறி இருந்தது. பூசியது முகத்தில், போனது கிட்னிக்கு.

கன்னத்தில் விழும் மங்குக்குத்தான் பெரும்பாலும் இந்த கிரீம்களை தேடிப்போகிறார்கள். மங்குக்கு முதல் மருந்து வெயிலை மறைப்பது. வெயில் தடுப்பு கிரீம் என்றால் 'எஸ்.பி.எப். 30' என்று போட்டிருக்க வேண்டும், 2 மணி நேரத்துக்கு ஒரு முறை பூச வேண்டும். தினக்கூலியில் அது கட்டுப்படி ஆகுமா என்றால் ஆகாது. முகத்தை சுற்றி மறைக்கும் பருத்தி துணியும், அகலமான தொப்பியும், அந்த முழுக்கை சட்டையும் அதற்கு கொஞ்சமும் குறைந்தவை அல்ல.

கழுத்து கருப்பு அழுக்கு அல்ல

பிடரியிலும் அக்குளிலும் தோல் கருத்து, தடித்து, வெல்வெட் துணி போல ஆகும். அழுக்கு என்று நினைத்து எலுமிச்சம்பழம், சர்க்கரை, நார் எல்லாம் போட்டு தேய்ப்பார்கள். தேய்க்க தேய்க்க இன்னும் கருக்கும். உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதன் அடையாளம் அது. சர்க்கரை வியாதி வாசலில் நிற்கிறது என்று அர்த்தம்.

ஆகவே இந்த வயதில் ஓயாத அரிப்பு என்று வந்தால் எல்லாவற்றையும் மாதவிலக்கு மேல் பழி போட்டு விட முடியாது. சர்க்கரை, தைராய்டு, கல்லீரல், சிறுநீரக கோளாறுகளிலும் அரிக்கும். சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே காசில்லாமல் பார்த்து விடலாம்.

சொல்ல கூச்சப்படும் இடம்

எந்த பெண்ணும் வாய் திறந்து சொல்லாத தொல்லை ஒன்று உண்டு. பிறப்புறுப்பில் வறட்சி, எரிச்சல், அரிப்பு. கணவரோடு சேர்ந்தால் வலி. அடிக்கடி நீர்க்கடுப்பு. ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் அந்த இடத்து தோலும் மெலிந்து காய்ந்து விடுவதே காரணம். திடீர் சூடு சில வருடத்தில் அடங்கி விடும், இது தானாக அடங்காது.

உப்பளத்தில் இது இரட்டிப்பு வேதனை. மறைவிடம் இல்லாத வெட்டவெளியில் சிறுநீர் கழிக்க இடம் கிடையாது என்பதால் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக் கொள்கிறார்கள். உப்புத்தண்ணீரில் நனைந்த உள்பாவாடை தொடையில் உரசுகிறது. பாத்தி பக்கத்தில் ஒரு கழிப்பறையும் ஒரு டிரம் நல்ல தண்ணீரும் இருந்தால், இந்த கட்டுரையில் சொன்ன தொல்லையில் பாதி குறையும். அதற்கு தோல் டாக்டர் தேவை இல்லை.

அரிக்கிறதே என்று சோப்பும் கிருமி கொல்லும் திரவமும் போட்டு உள்ளே கழுவுகிறார்கள். அது தப்பு. வெறும் தண்ணீரில் வெளிப்புறம் கழுவினால் போதும். வெளியே தேங்காய் எண்ணெய் தடவலாம். அந்த இடத்துக்கென்றே குறைந்த அளவு ஹார்மோன் கலந்த களிம்பு இருக்கிறது, டாக்டர் பார்த்துத்தான் கொடுப்பார். அரிப்போடு தோல் வெள்ளை வெள்ளையாக மாறினால் அது தனி நோய், விட்டு வைக்கக்கூடாது.

மாதவிலக்கு நின்று ஒரு வருடம் கழித்து ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் "திரும்ப வந்திருக்கு" என்று சும்மா இருக்கக்கூடாது. கர்ப்பப்பை புற்றுநோயா என்று பரிசோதித்தே ஆக வேண்டும். சோதித்தவர்களில் பெரும்பாலானோருக்கு புற்றுநோய் இருப்பதில்லை. இருக்கிற சிலரை தொடக்கத்திலேயே பிடித்து விட்டால் குணமாக்கலாம்.

குளிக்கும் முறையை மாற்றினாலே போதும்

பெரிய செலவு எதுவும் வேண்டாம். வேலை முடிந்ததும் முதலில் நல்ல தண்ணீரில் உப்பை அலசி விட வேண்டும். வீடு வரை உப்போடு வரக்கூடாது. கொதிக்க கொதிக்க வெந்நீர் ஊற்றினால் அரிப்புக்கு சுகமாகத்தான் இருக்கும், ஆனால் மிச்சம் இருக்கும் எண்ணெய் பசையையும் அது கழுவி விடும். சோப்பு அக்குள், இடுக்கு, பாதத்துக்கு மட்டும் போதும். நைலான் நாரை தூக்கிப்போட்டு விடலாம். துண்டால் ஒற்றி எடுத்து, ஈரம் இருக்கும்போதே தேங்காய் எண்ணெய் பூச வேண்டும். காய்ந்த பிறகு பூசினால் பலன் பாதிதான். பூஞ்சை பிடிக்கும் மடிப்புகளில் மட்டும் எண்ணெய் வேண்டாம், அங்கே ஈரம் இல்லாமல் துடைத்தாலே நல்லது.

ஹேர் டை பூசி முகம் வீங்கி வருகிறவர்கள் இந்த வயதுக்காரர்கள்தான். முன்பு ஒத்துக்கொண்டது இப்போது ஒத்துக்கொள்ளாமல் போகும். காதுக்கு பின்னால் துளி தடவி 2 நாள் பார்த்து விட்டு தலையில் வைக்கலாம். ஸ்டிக்கர் பொட்டு வைத்த இடம் வெள்ளையானால் அதன் பசைதான் காரணம், அன்றே நிறுத்த வேண்டும். கவரிங் நகை பட்ட இடம் அரித்து நீர் கசிந்தாலும் அப்படியே.

சாப்பாட்டில் அதிசய பொருள் எதுவும் கிடையாது. கொலாஜன் பவுடர் என்று ஆயிரக்கணக்கில் விற்கிறார்கள். அந்த காசுக்கு முட்டை, சுண்டல், நிலக்கடலை, சாளை மீன், முருங்கைக்கீரை என்று மாதக்கணக்கில் சாப்பிடலாம். தோலோடு சேர்ந்து இந்த வயதில் எலும்பும் தேய்வதால், சாளையும் கேழ்வரகும் இரண்டுக்கும் ஆகும்.

ஹார்மோன் மாத்திரையை தோல் அழகுக்காக மட்டும் டாக்டர்கள் கொடுப்பதில்லை. சூடும் தூக்கமின்மையும் தாங்க முடியாமல் இருந்தால், மார்பக புற்றுநோய், ரத்தக்கட்டு போன்றவை இருந்ததா என்று விசாரித்து விட்டுத்தான் தருவார்கள். தோழி சாப்பிடுகிறாள் என்று வாங்கி விழுங்கும் மாத்திரை அல்ல அது.

சில அடையாளங்களை பார்த்ததும் தாமதிக்காமல் அரசு ஆஸ்பத்திரி தோல் பிரிவுக்கு போய் விட வேண்டும். ஒரு மாதம் ஆகியும் ஆறாத புண். கருத்து வளரும் மச்சம். ஒரு பக்க மார்புக்காம்பில் மட்டும் ஆறாமல் உரியும் சொறி, இது மார்பக புற்றுநோயின் அடையாளமாகவும் இருக்கலாம். வெளிறிய தேமல் மேல் கிள்ளினால் உணர்ச்சி இல்லை என்றால் தொழுநோயா என்று பார்ப்பார்கள். அதற்கு மாத்திரை இலவசம், முழுக்க குணமாகும்.

போகும்போது இதுவரை பூசிய டியூப், சாப்பிட்ட மாத்திரை அட்டை, பழைய டிஸ்சார்ஜ் சீட்டு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போக வேண்டும். காலி டியூப் ஆனாலும் பரவாயில்லை. "ஏதோ வெள்ளை கலர் களிம்பு" என்று மட்டும் சொன்னால் டாக்டருக்கு ஒன்றும் புரியாது. அன்று காலையில் முகத்தில் பவுடரோ, புண்ணில் மஞ்சளோ பூசாமல் போனால் தோலின் உண்மையான நிறத்தை அவர் பார்க்க முடியும்.